பெயின்டா, கல்லா, சுடுமண்ணா: பள்ளி மதிலில் ஊர்க்கதை

பள்ளி மதிலில் ஊர்க்கதையை வரைந்து வைக்கலாம் என்று முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டியதும் முதலில் எழும் கேள்வி, "எந்த ஆர்ட்டிஸ்டைக் கூப்பிடலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. சுவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? ஆறாம் வருஷம் ஒரு மூலை உதிர்ந்தால் அதைச் சரிசெய்ய யார் வருவார்? இரண்டாவது கேள்விக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாய்க்காத ஒரு பதில் இருக்கிறது: கிரானைட் அறுக்கும் பட்டறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதற்காக எல்லாக் கதையையும் கல்லில் ஏற்றிவிட முடியாது.

கணக்குக்கு வசதியாக, சாலையைப் பார்த்த 30 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 300 சதுர அடி.

முதலில் கதையை எண்ணுங்கள்

இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சியைத்தான் சொல்வார்கள். நல்ல காட்சிதான், ஆனால் எல்லாச் சுவரிலும் அதுவே இருக்கிறது. ஊர் எல்லையில் வேடியப்பன் என்று கும்பிடும் கல்லைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது நடுகல். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் உருவம், கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, இரண்டு மூன்று வரி வட்டெழுத்து. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரே சட்டம், இரண்டு உருவம், சில சொற்கள். முழுக் கதையும் அதற்குள் அடங்கிவிட்டது. ஓசூர்ப் பக்கம் காணும் பிற்கால அடுக்கு நடுகற்கள் இன்னொரு முறையைக் காட்டுகின்றன: கீழே சண்டை, நடுவில் வீரனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், மேலே அவன் சேர்ந்த உலகம். கீழிருந்து மேலே படிக்க வேண்டிய மூன்று கட்டப் படக்கதை அது.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. தருமபுரிக் கோட்டைக் காமாட்சியம்மன் கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், இராமாயணம் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒன்றை அண்ணாந்து பார்க்க வேண்டும், மற்றொன்றைக் குனிந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர் நிற்கும் இடத்தை வைத்தே உருவத்தின் அளவு முடிவாகிறது என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சென்னை கண்ணகி நகரில் 2020இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் தீட்டிய பெரிய ஓவியங்களின் படத்தைக் கைப்பேசியில் காட்டி "இது மாதிரி" என்பார்கள். அவை அடுக்குமாடிச் சுவர்கள். தூரத்திலிருந்து பார்க்க வரையப்பட்டவை. உங்கள் மதிலுக்கும் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கும் நடுவில் 20 அடிதான் இருக்கும். அந்த இடத்தில் 9 அடி உயர முகத்தை வரைந்தால் நடந்து போகிறவருக்கு மூக்கின் நிழல்தான் தெரியும். 3 முதல் 5 அடி உயர உருவங்கள், ஐந்தாறு காட்சிகள், 30 அடிக்கு இது போதும். எட்டைத் தாண்டினால் எந்தக் காட்சியும் மனசில் நிற்காது.

பெயின்ட்: சுவரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

பெயின்ட் கெட்டது என்று சொல்லப்படும் சுவர்களில் பெரும்பாலும் கெட்டது சுவர்தான். மதிலின் தலையில் மூடுகல் இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். இரண்டு பக்கமும் 2 அங்குலம் துருத்திக்கொண்டு, அடியில் நீர் சொட்டி விழ ஒரு கோடு வெட்டிய மூடுகல்லை முதலில் போடுங்கள். ஓவியருக்குக் கொடுக்கும் முதல் ரூபாய்க்கு முன்னால் ஆக வேண்டிய செலவு இது.

அடுத்தது ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம். 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, ஐந்து அடியில் ஒன்று. எடுக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் நிற்காது. கீழ்த்தாளில் மட்டும் நீர் இருந்தால் தரை ஓதம் ஏறுகிறது. அடி 2 அடியைப் படத்துக்கு ஒதுக்காமல் காவி நிறப் பட்டையாகவோ கல்லாகவோ விட்டுவிடுங்கள். சைக்கிள் சாய்வதும், மழைச்சேறு தெறிப்பதும், மாணவர்கள் கால் வைத்து ஏறுவதும் அந்த 2 அடியில்தான்.

புதுப் பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும். பச்சைச் சிமென்ட்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். பூச்சுக்கும் நீர் ஊற்றவும் உப்பான போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தினால் ஒரு கோடைக்குள் வெள்ளையாக உப்புப் பூத்து, மேலே அடித்த நிறம் பொரிந்து உதிரும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். இரண்டு வாரம் விட்டுப் பார்த்து மறுபடி பூக்கவில்லை என்றால்தான் பிரைமர்.

300 சதுர அடிக்கு வெளிப்புற அக்ரிலிக் பிரைமர் ஒரு முறை அடிக்க 3 லிட்டர், அடிநிற எமல்ஷன் இரண்டு முறை அடிக்க 6 லிட்டர் பிடிக்கும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் 1 லிட்டர். பட்டியை விரிசலுக்கு மட்டும் வையுங்கள். வீட்டு ஹாலைப் போல வழவழப்பாக வேண்டுமென்று முழுச் சுவருக்கும் தடிமனாகப் பட்டி பார்த்தால் பின்னால் அப்பளமாகப் பெயர்வது அதுதான்.

நிறத்தில் ஒரு உண்மை: ஒளிரும் ரோஜா, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் எல்லாம் மேற்கு வெயிலில் முதலில் வெளுப்பவை. இரும்பு ஆக்ஸைடு நிறங்களான காவி, மண்மஞ்சள், கறுப்பு நிற்கும். நிறம் கலக்கும் ஸ்டெய்னரை லிட்டருக்கு 40 மில்லிக்கு மேல் ஊற்றி நிறத்தைக் கூட்டினால் பெயின்ட்டின் பிடிப்பு குறையும், கையில் ஒட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியங்கள் வெறும் வெள்ளை நிறத்தில் வரையப்பட்டவை. காவி அடிநிறத்தில் வெள்ளை உருவங்கள், தேவையான இடத்தில் கறுப்பு என்று மூன்றே நிறத்தில் முடித்தால் செலவும் குறையும், பத்து வருஷம் கழித்து ஊர்ப் பெயின்டரே நிறத்தைச் சேர்த்துத் திருத்தவும் முடியும். நாற்பது சாயல் போட்ட முகத்தை அவரால் தொட முடியாது.

பெரிதாக்க, அங்குலத்துக்கு ஓர் அடி என்று 30 அங்குலத் தாளில் வரைந்து, சுவரில் நூல் போட்டு ஓரடிக் கட்டங்கள் எடுப்பது பழைய வழி. இன்றும் அதுதான் தவறாது. இரவில் புரொஜெக்டர் வைத்துக் கோடு எடுப்பது வேகம். ஆனால் கருவி நேர்எதிரே நிற்காவிட்டால் ஒரு பக்கத்து உருவம் உப்பும். காலை 10 மணிக்கு மேல் வெயில் விழும் சுவரில் பெரிய பரப்பை நிரப்பக் கூடாது. ஒரு பக்கம் காய்ந்த பின் அடுத்த பக்கம் சேர்ந்து, சேர்ந்த கோடு கடைசிவரை தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மாவட்டங்களுக்கு ஏற்ற காலம். ஓர் ஓவியரும் இரண்டு உதவியாளரும் இருந்தால் அடிநிறம் போக எட்டு முதல் பத்து நாள் வேலை.

கல்: திருத்த முடியாது, ஆனால் திருத்தவும் வேண்டியதில்லை

கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவிப் பக்கம் போனால் எல்லா நிறத்திலும் ஸ்லாப் சாய்த்து வைத்திருப்பார்கள். பாரடைஸோ மாதிரி அலை அலையாக ஓடும் கல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் வரிகள் உங்கள் கோட்டை விழுங்கிவிடும். படக்கதைக்குச் சீரான கறுப்புக் கல்தான். பாலிஷ் போட்ட கறுப்பில் பொளிந்த இடம் சாம்பல் வெள்ளையாக எழும். அதற்கு மேல் பெயின்ட் எதுவும் தேவையில்லை. கோட்டுக்குள் எனாமல் நிரப்பச் சொல்லிப் பட்டறையில் ஆசை காட்டுவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது செதில் செதிலாக வந்து, இருந்த தெளிவையும் கெடுக்கும்.

முழு 300 சதுர அடியையும் கல்லில் செய்ய நினைக்காதீர்கள். 2 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஆறு கல் போதும். வரிசையாக நிறுத்தினால் 12 அடி. 20 மில்லிமீட்டர் ஸ்லாப் சதுர அடிக்கு ஐந்தரைக் கிலோ. ஒரு கல் 33 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். பெரிய ஸ்லாப்பிலிருந்து வெட்டி மிஞ்சிய துண்டுகளில் இந்த அளவு கிடைக்கும் என்பதால் கல்லின் விலை பயப்படுகிற அளவுக்கு வராது. செலவு பொளியும் வேலையில்தான். அதைச் சதுர அடிக் கணக்கில் கேட்கிறார்களா, எழுத்துக் கணக்கில் கேட்கிறார்களா என்று முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கல்வெட்டுப் பலகை அடிக்கும் பட்டறைகள் எழுத்தை எண்ணியே பழக்கப்பட்டவை. படத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, பாதி வேலையில் தகராறு வரும்.

கோடு எடுக்க மூன்று வழி. சாண்ட் பிளாஸ்டிங்கில் ரப்பர் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டி, திறந்த இடத்தில் மணலடித்துக் குடைவார்கள். 2 மில்லிமீட்டருக்குக் கீழான கோட்டில் ரப்பர் பிய்ந்துபோகும். லேசரில் புகைப்படத்தையே ஏற்றலாம், மயிரிழைக் கோடும் வரும். ஆனால் அது மேல்தோல் வேலை. புழுதிச் சாலையோரம் தூசு படிந்தால் படம் மங்கிப்போகும், துடைக்க ஆள் வேண்டும். மூன்றாவது உளி. கல் தச்சர் கையால் பொளியும் கோட்டுக்கு அகலம் சீராக இருக்காது, அந்த ஏற்ற இறக்கமே உயிர்.

எந்த வரைகோடு எந்த வழிக்குப் பொருந்தும் என்பதை ஓவியரோடு முன்பே பேச வேண்டும். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி கே.எம். ஆதிமூலம் பேனா மையில் வரைந்த காந்தி உருவங்களை நினைத்துப் பாருங்கள்: நெருங்கிப் பின்னிய மெல்லிய கீறல்கள். அந்த வகைக் கோட்டை சாண்ட் பிளாஸ்டிங்கில் கொடுத்தால் கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சாம்பல் திட்டாகிவிடும். அதற்கு லேசர்தான். நடுகல் போலத் தட்டையான உருவமும் தடித்த கோடும் என்றால் சாண்ட் பிளாஸ்டிங், உளி இரண்டும் ஒத்துவரும். இந்த ஊருக்கு நாங்கள் கைகாட்டுவது சாண்ட் பிளாஸ்டிங் கோடும், முகத்துக்கு மட்டும் உளியும்.

எழுத்து 25 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. ழ, ஞ, ணை ஆகியவற்றின் சுழிக்குள் ரப்பர் துண்டு சிறியதாகி, மணலடிக்கும்போது பறந்துவிடும். சுழி அடைந்து எழுத்து கட்டியாகத் தெரியும். எழுத்துப் பிழையைத் திருத்த ஒரே வழி புதுக் கல். ஆகவே ஸ்டிக்கர் வெட்டும் முன் முழு அளவில் ஃபிளெக்ஸ் அடித்து அதே சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிழை கண்டுபிடிப்பதில் தமிழாசிரியரை விட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கெட்டி. (ஃபிளெக்ஸுக்கு இந்த வேலையில் உள்ள ஒரே நியாயமான இடம் இதுதான்.)

மாட்டும்போது கல்லின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக வரும். வெறும் சிமென்ட் வைத்து ஒட்டியதை நம்பிப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் 33 கிலோவைத் தொங்கவிடக் கூடாது. கல்லுக்கு நான்கு இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பின் அல்லது கிளாம்ப், கூடவே எபாக்ஸி. சாதாரண இரும்பாணி துருவேறிப் பருத்துக் கல்லின் மூலையை உடைக்கும்.

கல்லுக்கும் குறை உண்டு. மேற்கு பார்த்த சுவரில் பாலிஷ் கறுப்பு கண்ணாடியாகிவிடும்; மாலையில் படத்துக்குப் பதில் உங்கள் முகமும் பின்னால் போகும் பஸ்ஸும் தெரியும். கோடையில் தொட்டால் சுடும். வடக்குச் சுவர் அல்லது மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் மட்டும் கல். பொளியும் வேலையைப் பள்ளி வளாகத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுப்பது. பட்டறையில் ஈரம் விட்டு, உரிய முகமூடியோடு செய்து கொண்டுவரட்டும்.

சுடுமண்: 40 சதுர அடிக்கு மேல் வேண்டாம்

பொங்கல் பானையும் அகலும் செய்கிற குயவர்களை வைத்துப் புடைப்புப் பலகை செய்வது கண்ணுக்கு இதமாக இருக்கும். குழந்தைகள் தடவிப் பார்க்கவும் செய்வார்கள். ஆனால் பானை செய்யும் கைக்குப் பலகை வேறு வேலை. மண் காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று வைத்தால், சுட்டபின் 12 அங்குலம் வேண்டுமானால் ஈரத்தில் 13⅓ அங்குலம் வெட்ட வேண்டும். மண்ணுக்கு மண் மாறும். முதலில் இரண்டு பலகை சுட்டு அளந்து பாருங்கள். சுட்ட ஓட்டை இடித்த தூளை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் சுருக்கமும் விரிசலும் குறையும்.

40 பலகைக்கு 48 செய்ய வேண்டும். மூலை வளைவதும் வெடிப்பதும் சகஜம். பலகைக்கு 7 கிலோ என்றால் ஈரமண் 340 கிலோ அளவுக்குப் போகும். நிழலில் இரண்டு வாரம், தினமும் புரட்டிப் போட்டுக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து, கிண்ணம் போல மேலே வளையும்.

இந்த மண்ணில் தனியாகக் கவனிக்க வேண்டியது சுக்கான்கல். ஒரு மிளகளவு சுக்கான்கல் மண்ணுக்குள் இருந்துவிட்டால் சூளையில் சுண்ணாம்பாகிவிடும். பலகை நன்றாகத்தான் வெளியே வரும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, சுவரில் ஒட்டி இரண்டு வாரம் கழித்து 'டப்' என்று ஒரு காசளவு பொரிந்து விழும். குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். வீரனின் முகத்தில்தான் அது விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடித்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

பலகைகளின் இணைப்பு உருவத்தின் கழுத்தையோ கண்ணையோ வெட்டாமல், ஆடையின் விளிம்பு, மாட்டின் முதுகுக்கோடு இவற்றின் வழியாகப் போகட்டும். பின்பக்கம் ஈரத்திலேயே எண் கீறிவிடுங்கள். சூளையிலிருந்து கலைந்து வந்தபின் நாற்பதையும் தரையில் பொருத்திப் பார்ப்பது பெரிய பாடு.

சுதையும் துணியும்

முனியப்பன் கோயில்களில் ஓங்கி நிற்கும் சிலைகளைச் செய்கிற சுதை வேலைக்காரர்கள் இந்தப் பக்கம் கிடைப்பார்கள். கம்பி, கோழிவலை, 1க்கு 3 சிமென்ட் மணல் கலவை. ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். விரிசல் வழியே தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடித்தால் கை, மூக்கு, வில் நுனி முதலில் உதிரும். கோயிலில் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் பழுது பார்த்து வர்ணம் தீட்டுகிறார்கள், அதனால் நிற்கிறது. பள்ளிக்கு அப்படி ஒரு முறை கிடையாது என்பதால் வெளிமதிலுக்கு இதைச் சொல்ல மாட்டோம்.

கலம்காரித் துணி நூலக அறைக்குள்ளே என்றால் மிக நல்ல தேர்வு. நடுவில் பெரிய உருவம், சுற்றிலும் வரிசை வரிசையாகக் காட்சிகள் என்ற அமைப்பே படக்கதைக்குப் பிறந்தது. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்புக் கோடு பிடித்து நிற்கும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற, அரியலூர்–தஞ்சாவூர்ப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரிக் கலைஞர்களிடமோ, ஸ்ரீகாளஹஸ்தியிலோ சொல்லிச் செய்யலாம். நேர்வெயில் படும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ஆணி அடிக்காமல் மேல்விளிம்பில் உறை தைத்து மரச்சட்டம் நுழைத்துத் தொங்கவிடுங்கள்.

எதை எடுப்பது

மேற்கு பார்த்த சுவர், நிழல் இல்லை: பெயின்ட், மூன்று நிறம். வடக்குச் சுவர் அல்லது சன்ஷேடு உண்டு, கதை நடுகல், ஏரி, ஊர் பிறந்த கதை மாதிரி இனி மாறாதது: ஆறு கறுப்புக் கல். ஓதம் அடங்காத சுவர்: எதுவும் வேண்டாம், பணத்தைத் துணிக்குத் திருப்பி உள்ளே கொண்டுபோங்கள். சுடுமண் வாசல் தூணுக்கும் நுழைவுச் சுவருக்கும் சரி. பணம் கொஞ்சம் கூட இருந்தால் சன்ஷேடுக்குக் கீழே கல்லில் பழைய கதை, மீதி நீளத்தில் பெயின்ட்டில் இன்றைய காட்சிகள், அதாவது மாந்தோப்பு, பாரதக் கூத்து, பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பகுதியை அடுத்த தலைமுறை அழித்து வரைந்துகொள்ளட்டும்.

வேலை கொடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். டிசைனர் ஒருவர் கணினியில் எல்லாம் முடித்துவிட்டு, கல் தச்சரையோ குயவரையோ "இதை அப்படியே செய்" என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்த வேலையில் கை தெரியாது. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் கோண்டு பழங்குடி ஓவியர்களோடு செய்த படநூல்களில் கோடும் வடிவமும் ஓவியருடையவை. வடிவமைப்பு அதற்கு இடம் ஒதுக்குகிறது. அந்த வரிசையில் போங்கள். கதையும் காட்சிகளின் எண்ணிக்கையும் ஊரார் சொல்லட்டும். மாதிரிக் கல் ஒன்றைத் தச்சர் தன் போக்கில் பொளிந்து காட்டட்டும். அதைப் பார்த்தபின் மற்ற ஐந்துக்கும் ஓவியர் வரையட்டும். மாதிரிக்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தாளில் சாரம் யார் செலவு, மாதிரிக்குப் பின் எத்தனை முறை திருத்தலாம், மழை வந்தால் நாள் எப்படி நீளும் என்ற மூன்றும் இருக்கட்டும். ஓவியர், தச்சர் பெயர் சுவரிலேயே இடம் பெறட்டும்; நன்கொடையாளர் பட்டியலை வேறு பலகையில் வையுங்கள், அதைப் படத்துக்குள் நுழைத்தால் அடுத்த வருஷமே இடம் போதாது. உண்மையான நடுகல்லுக்கு, இதோடு சேர்த்து அழகாக்குகிறோம் என்று எனாமல் பூசிவிடாதீர்கள், எழுத்து அடைந்துபோகும்.

வேலை முடிந்த அன்று ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டரைக் காற்றுப் புகாத டப்பாவில் ஊற்றி, கம்பெனிப் பெயர், நிற எண், ஸ்டெய்னர் அளவு மூன்றையும் மூடியில் எழுதித் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள். பெயின்ட் சில வருஷத்தில் கெட்டுப்போகும், மூடி இருக்கும்; அதைப் பார்த்து அதே நிறத்தைத் திரும்பக் கலக்கலாம்.